சுவரருகே சிரித்தவன்

அத்தியாயம் 5

சிரித்த குற்றத்துக்காக ஒரு மனிதனைத் துரோகி என்று தீர்மானிக்க அரசாங்கத்துக்கு நான்கு மாதங்களும் பதினொரு கூட்டங்களும் தேவைப்பட்டிருந்தன. அந்தத் தீர்மானத்தை மாற்றப் பூதக்கண்ணாடிக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம்.

பூதக்கண்ணாடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஐம்பத்து மூன்று வயது, ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், சோடாப் புட்டியின் அடியை அறுத்து மாட்டியது போன்ற மூக்குக்கண்ணாடி. இதையெல்லாம் பார்த்துத் தெரு வைத்த பெயர். பெண்பிள்ளை என்ன துப்பறிந்துவிடப் போகிறாள் என்று முணுமுணுத்தவர்கள்கூட, அந்தப் பெயரைக் கேட்டதும் ஏகப்பட்ட கருவிகள் வைத்திருப்பார் போலிருக்கிறது என்று நம்பி, சைக்கிள் கடை மாடிப்படி ஏறி வந்தார்கள். வந்து பார்த்தால் ஒரு மேசை, மூன்று நாற்காலி, தந்தி.

தந்தி என்பது உதவியாளர். தபாலாபீசில் பதினெட்டு வருடம் வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர். அவருடைய சைக்கிள் மணியைக் கேட்டாலே உள்ளே அழ ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பாவத்தைக் கழிக்கத்தானோ என்னவோ, இப்போது வாயைத் திறந்தால் நக்கல்தான்.

பகல் ஒரு மணிக்கு வாசலில் வந்து நின்ற பெண் பூதக்கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. தந்தியைப் பார்த்து ஓரடி பின்வாங்கினாள்.

“நீங்களா? இன்னொண்ணு வந்திருக்கா?”

தந்திக்கு அந்த முகம் நினைவிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, ‘கணவர் எதிரியிடம் சிறைப்பட்டார்’ என்ற மூன்று சொற்களை அவர் கொடுத்தது இவள் கையில்தான்.

“இல்ல தங்கச்சி. இப்பல்லாம் நான் கொண்டுபோறதில்ல. ஜனங்களே கொண்டுவந்து குடுக்கறாங்க. உள்ள வா.”

வேலைத்தளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். தலை வகிட்டில் சிமென்ட் தூள். விரல் நுனிகளைச் சுண்ணாம்பு அரித்திருந்தது. நாற்காலி அழுக்காகிவிடுமோ என்று நுனியில் உட்கார்ந்து, மடித்த காகிதங்கள் இரண்டை மேசைமேல் வைத்தாள்.

போர் நின்று ஒன்றரை வருடம். இரண்டு நாடுகளும் ஜெயித்துவிட்டதாக அறிவித்து, இரண்டு தலைநகரங்களிலும் வெற்றித் தூண் எழுப்பி முடித்தாயிற்று. கைதிகளைத் திருப்பிக் கொடுக்க மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இப்போதுதான் முந்நூறு பேருக்கு முந்நூறு பேர் என்று ஒரு பட்டியல் தயாராகி, இன்று மாலை ஐந்து மணிக்கு அரக்கு முத்திரை வைக்கக் காத்திருந்தது. அந்தப் பட்டியலில் இவள் கணவன் பெயரை அடித்துவிட்டது போர்க்கால நன்னடத்தை உயர்மட்ட ஆய்வுக் குழு.

“அடுத்த பட்டியல் எப்பன்னு கேட்டேம்மா. அடுத்த சண்டைக்கு அப்புறம்னு சொல்லிச் சிரிக்கறாங்க. அவங்க சிரிச்சா மட்டும் குத்தமில்ல போல.”

முதல் காகிதம், நாளிதழில் வந்த படத்தின் கத்தரிப்பு. எதிரி நாடு தன் முகாமில் எடுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிய படங்களில் ஒன்று. உள்ளங்கை அளவில் ஒரு முகம், பற்கள் அத்தனையும் தெரியச் சிரிப்பு. கீழே, ‘எதிரியின் மடியில் சொகுசு’ என்ற வரி.

இரண்டாவது காகிதம், குழுவின் அறிக்கை. பூதக்கண்ணாடி அதை மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

“உன் வீட்டுக்காரர் என்ன வேலை?”

“பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போறதுக்கு முன்னாடி கொத்தனார்ம்மா. நான் அவருக்கே சித்தாளா கல்லு, கலவை எடுத்துக் குடுத்திட்டிருந்தேன். எல்லாச் சித்தாளையும் திட்டுவார். திருப்பித் திட்டினது நான் ஒருத்திதான். அதனாலதான் கட்டிக்கிட்டார்.”

“நிறைய சிரிப்பாரோ?”

“எங்க? ஒரு கல்லு நூலை விட்டு வெளிய நின்னுச்சுன்னு கட்டின மூணு வரியப் பிரிச்சுப் போடற ஆளு. மூஞ்சி எப்பவும் காஞ்ச கலவை மாதிரிதான் இருக்கும்.” அவள் படத்தைத் தொட்டாள். “யாராச்சும் பெரிய மனுஷன் வேலையப் பாக்கறேன்னு சாரத்துல ஏறி, இறங்கத் தெரியாம நிப்பான் பாருங்க. அப்ப மட்டும் இப்படிச் சிரிப்பார். இது அந்தச் சிரிப்பு. ஆனா எதைப் பாத்துன்னுதான் தெரியல.”

“இதைக் குழுவுல சொன்னியா?”

“சொன்னேன். சிரிப்புல வகை பிரிக்க விதிமுறையில எடமில்லைன்னாங்க.”

தந்தி மேசையில் தாளம் போட்டார். “விடு தங்கச்சி. சிரிக்கத் தெரியாதவங்கதான் குழுவுல உறுப்பினராவே சேர முடியும்.”

பூதக்கண்ணாடி இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“தந்தி, நாலாவது பிரிவைப் படி.”

தந்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “‘மேற்படி கைதி எழுப்பியுள்ள சுவரின் அப்பழுக்கற்ற நேர்த்தியே, அவர் எதிரிக்காக முழுமனதுடன் உழைத்தார் என்பதற்குப் போதிய சான்றாகும்.’ அடேயப்பா. சுவருக்கே நற்சான்றிதழ் குடுத்திருக்காங்க மேடம்.”

“சுவர் எங்கே?”

மூவரும் கத்தரிப்பைப் பார்த்தார்கள். முகம் இருந்தது, காது இருந்தது, காதுக்குப் பின்னால் கொஞ்சம் வானம் இருந்தது. சுவர் இல்லை.

“குழு பாத்த படத்துல சுவர் இருக்கு. நாம பாக்கற படத்துல இல்ல. நடுவுல யாரோ கத்தரி போட்டிருக்காங்க.” பூதக்கண்ணாடி எழுந்து செருப்பை மாட்டினார். “உன் வீட்டுக்காரர் எதைப் பாத்துச் சிரிச்சாரோ, அது அந்த வெட்டிப்போட்ட பக்கத்துலதான் இருக்கு. வா.”

*

நாளிதழின் படப்பிரிவு இரண்டாம் மாடியின் கோடியில், ஜன்னலே இல்லாத அறை. அதை ஆண்டவர் பெயர் கத்தரி. முப்பது வருடமாக மற்றவர்கள் எடுத்த படங்களை வெட்டியே பிழைத்தவர். மந்திரிகளின் பக்கத்தில் நின்ற எத்தனையோ மனிதர்களை அவர் தோளோடு நறுக்கி வரலாற்றிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறார்.

“முகந்தான் செய்தி. மிச்சமெல்லாம் காகிதச் செலவு,” என்றார் கத்தரி. “சுவரை எவன் பாப்பான்?”

“அந்த முழுப் படம் வேணும்.”

“வெளியாளுக்குக் காட்டக் கூடாது. விதி.”

தந்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அய்யா, எட்டு வருஷத்துக்கு முன்னாடி, ‘இரட்டைக் குழந்தை, தாய் சுகம்’னு ஒரு தந்தி வந்துச்சே, ஞாபகமிருக்கா? பதினெட்டு வருஷத்துல நான் குடுத்த நல்ல சேதி மொத்தம் ஒன்பது. அதுல உங்களுது ஒண்ணு. அன்னைக்கு உங்க தலையில முடி கூட இருந்துச்சு.”

கத்தரி தலையைத் தடவினார். பிறகு அலமாரியைத் திறந்தார்.

எதிரி நாடு மாதம் ஓர் உறை அனுப்பும். மேலே ‘நலமாக இருக்கிறார்கள்’ என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருக்கும். உள்ளே கைதிகள் சாப்பிடும் படம், பாடும் படம், புத்தகம் படிக்கும் படம்.

“அவங்களும் நம்ம பேப்பரை விடறதில்ல தெரியுமா,” என்றார் கத்தரி, உறையைப் பிரித்தபடி. “எல்லைச் சாவடி வழியா மறுநாளே போயிடுது. முகாம்ல அறிவிப்புப் பலகையில ஒட்டறாங்களாம். பாருங்கடா, உங்க நாடே உங்களைத் துரோகின்னு சொல்லுதுன்னு காட்டறதுக்கு. எங்க அச்சு அங்க கூட நல்லாத் தெரியுதாம்.”

அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முழுப் படம் மேசைக்கு வந்தது. நெஞ்சளவு உயரத்தில் ஒரு புதுச் சுவர். வலது ஓரத்தில் கையில் கரண்டியோடு கொத்தனார். சுவருக்குப் பின்னால் கலவைச் சட்டியோடு கைதிகள் ஐந்து பேர், ஐந்து பேர் முகத்திலும் சிரிப்பு. நடுவில் தொப்பியும் பதக்கமுமாக முகாம் அதிகாரி. தான் வளர்த்த குதிரையைத் தட்டிக்கொடுப்பவர் மாதிரி இடது கையைச் சுவர்மேல் வைத்து, முகவாயை உயர்த்தி, தூரத்தில் எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்த விளக்குக் கம்பம்.

பூதக்கண்ணாடி படத்தில் மூக்கை உரசாத குறையாகப் பார்த்தார். சுவர் நன்றாகத்தான் இருந்தது. தந்தியும் பார்த்தார். அவருக்கும் நன்றாகவே இருந்தது.

சித்தாள் பார்த்தாள். அவள் தொண்டையிலிருந்து விநோதமாக ஒரு சத்தம் வந்தது. தந்தி பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கி வாயில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“இது சுவரில்லம்மா. ஆட்டுக்குட்டி முதுகு தேய்ச்சா போயிடும்.”

மேசையில் காலி ஃபிலிம் டப்பாக்கள் கிடந்தன. அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக, நேருக்கு நேர் அடுக்கினாள். பக்கத்தில் இன்னோர் அடுக்கு, அதன் பக்கத்தில் இன்னொன்று.

“கல்லு ரெண்டு சேர்ற எடத்து மேல, அடுத்த வரி கல்லோட நடு வயிறு உக்காரணும். அப்பத்தான் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். முதல் நாள் வேலைக்கு வர்ற பையனுக்கே தெரியும். இங்க பாருங்க, சந்து மேல சந்து, அது மேல சந்து. கீழேருந்து மேல வரைக்கும் ஒரே கோடு. பத்துத் தூணைப் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சிருக்கார், அவ்வளவுதான்.”

விரலால் லேசாகத் தட்டினாள். நடு அடுக்கு பொலபொலவென்று சரிந்து கத்தரியின் மடியில் விழுந்தது.

“மூணு வரி பிரிச்சுப் போட்ட மனுஷன் இதைக் கட்டியிருக்கார்,” என்றாள். கண்ணில் இப்போது கொஞ்சம் ஈரமும் இருந்தது. “எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் தெரியுமா? கை தானா சரியாத்தான் வெக்கப் பாக்கும். ஒவ்வொரு கல்லா, கையைத் திட்டித் திட்டி வெச்சிருக்கணும்.”

“அந்தத் தொப்பிக்காரன் பாத்துக்கிட்டுத்தானே நிக்கறான்,” என்றார் தந்தி.

“பாத்து ரசிச்சிட்டு நிக்கறான்,” என்றார் பூதக்கண்ணாடி. “அவன் வாழ்க்கை பூரா ஆளுங்களை ஒருத்தன் பின்னால ஒருத்தனா கோடு தப்பாம நிக்க வெச்சவன். கல்லும் அப்படியே நின்னா அவனுக்கு அதைவிட அழகு ஏது? அவனே அப்படித்தான் கட்டச் சொல்லியிருப்பான். சரிங்கய்யான்னு சொல்லியிருப்பார் உன் வீட்டுக்காரர்.”

ஆனால் குழுவுக்கு ஒரு சித்தாளின் கண் சாட்சியாகாது. பூதக்கண்ணாடி அடுத்த மாத உறையைக் கேட்டார். மூன்றாவது படத்தில் கை நின்றது.

முகாம் விளையாட்டு விழா. பின்னால் அதே சாய்ந்த விளக்குக் கம்பம். அதன் கீழே சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு குவியல். நடுவில் அதே அதிகாரி வலது கையால் கோப்பை வழங்கிக்கொண்டிருந்தார். இடது கை, வெள்ளைத் துணித் தொட்டிலில் கழுத்தோடு கட்டித் தொங்கியது. பின்வரிசையில் கொத்தனார் நின்றார். இந்தப் படத்தில் அவர் சிரிக்கவில்லை. பெரிய மனிதருக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற துக்கம் முகம் முழுக்க அப்பியிருந்தது.

தந்தி படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

“மேடம்,” என்றார் தந்தி மெதுவாக, “கோப்பையை அவன் தப்பான ஆளுக்குக் குடுக்கறான்.”

மணி மூன்றே முக்கால். பூதக்கண்ணாடி இரண்டு படங்களையும் பையில் போட்டுக்கொண்டார்.

*

குழுவின் புதுக் கட்டடத்துக்கு மரியாதை மண்டபம் என்று பெயர். நுழைந்ததும் நடுக்கூடத்தில், சிவப்புக் கயிறு கட்டிய வேலிக்குள், நெஞ்சளவு உயரத்தில் பூச்சே இல்லாத ஒரு செங்கல் சுவர் தன்னந்தனியாக நின்றது. அதன் முன்னால் பித்தளைத் தகடு. ‘இம்மண்டபத்தின் தொடக்க நாளன்று குழுத் தலைவர் தம் திருக்கரங்களால் எழுப்பிய சுவர். பார்வையாளர் தொட வேண்டாம்.’

சித்தாள் நின்றாள். சுவரைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

தந்தியும் பார்த்தார். அவருக்கும் இப்போது கண் பழகியிருந்தது. “மேடம், சந்து மேல சந்து...”

“தெரியுது. மூச்சு விடாதே.”

“மூச்சு விட்டா விழுந்துடுமா?”

“தந்தி.”

குழுத் தலைவர் ஓய்வு பெற்ற படைத்தலைவர். போரின்போது முன்னணிக்கு நானூறு மைல் பின்னால் கம்பளிக் கிடங்குக்குப் பொறுப்பு வகித்து, ஒரு கம்பளியைக்கூட எதிரியிடம் இழக்காமல் காத்ததற்காக மூன்று பதக்கங்கள் பெற்றவர். அவர் முதுகுக்குப் பின்னால், கதவளவுக்குப் பெரிதாக்கிய அதே படம். எதிரி அதிகாரியின் மீசை முடிகளை எண்ணலாம்.

“பாருங்கள்,” என்று பிரம்பால் சுவரைச் சுட்டினார் தலைவர். மேடையில் இல்லாதபோதும் அவர் மேடையில்தான் இருந்தார். “வரிசை பிசகாத அணிவகுப்பு. மனமில்லாதவன் இப்படிக் கட்ட முடியாது. நானே கட்டிப் பார்த்தவன், சொல்கிறேன். என்னுடன் இருந்த மேஸ்திரி கல்லை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னான். ஒழுங்கு என்றால் என்னவென்று அவனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதாயிற்று.”

பூதக்கண்ணாடி விவாதிக்கவில்லை. விளையாட்டு விழாப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். விளக்குக் கம்பத்தைத் தொட்டார். தார்ப்பாய்க் குவியலைத் தொட்டார். துணித் தொட்டிலைத் தொட்டார்.

“ஒரு மாசம்தாங்க இடைவெளி. அதே எடம், அதே ஆளு, அதே கை.”

தலைவர் அந்தப் படத்தைப் பார்த்தார். கதவளவுப் படத்தைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார். விஷயம் கம்பளி கம்பளியாக அவருக்குள் இறங்க மூன்று நிமிடம் பிடித்தது. இறங்கியதும் எழுந்து நின்றுவிட்டார்.

“நம் வீரன். எதிரியின் கோட்டைக்குள்ளேயே எதிரியை வீழ்த்திய நம் வீரன். என் குழு அதைக் கண்டுபிடித்துவிட்டது.” மணியை அடித்தார். “குமாஸ்தா, பட்டியலில் பெயரைச் சேர். ஆறு மணிக்குப் பத்திரிகையாளர் கூட்டம். கரும்பலகை வேண்டும், ஓர் இஞ்சினீயர் வேண்டும். சுவர் எப்படி விழுந்தது என்று படம் போட்டு விளக்க வேண்டும்.”

குமாஸ்தா பேனாவைத் திறந்தார். இரண்டு வருடமாகச் சித்தாள் இந்த நொடிக்காகத்தான் காத்திருந்தாள்.

“வேணாங்கய்யா,” என்றாள்.

தலைவருக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. “என்ன வேண்டாம்?”

“நம்ம பேப்பரு நாளன்னைக்கு அங்க பலகையில ஒட்டுவாங்க. அந்தத் தொப்பிக்காரன் படிப்பான். கைதிங்க எல்லைக்கு வர இன்னும் ஒரு மாசம் இருக்கு. அந்த ஒரு மாசம் அவர் அவன் கையிலதான் இருக்கார். கூடச் சிரிச்ச அஞ்சு பேரும்.”

“போர் என்றால் தியாகம் இருக்கத்தான் செய்யும்.”

“யார் செய்யறதுங்க?” என்று கேட்டார் தந்தி. பணிவாகத்தான் கேட்டார்.

தலைவர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா கோப்பைத் திருப்பிக் காட்டினார். “அய்யா, வெளியிடாம விடவும் முடியாது. அடிச்ச பேரைச் சேர்த்தா, காரணம்ங்கற கட்டத்துல காரணம் எழுதணும். அதோட நகல் தானாவே செய்திப் பிரிவுக்குப் போயிடும். நீங்க போட்ட விதிதான்.”

“விதி விதிதான்,” என்றார் தலைவர், தன் விதியின் அழகில் திருப்தியடைந்து.

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு முப்பத்தெட்டு. சித்தாள் இரண்டு கைகளையும் மேசைமேல் ஊன்றினாள். அந்த வழுவழுப்பான மேசைமேல் சுண்ணாம்பு விரல்கள் பத்தும் பதிந்தன.

“அப்ப பேரைச் சேர்க்காதீங்க. அவர் துரோகியாவே இருக்கட்டும். நான் துரோகி பொண்டாட்டியாவே இருந்துட்டுப் போறேன். மாசக்கணக்கா கேக்கற பேச்சுதான், காது மரத்துப் போச்சு. ஆனா அந்தச் சுவரைப் பத்தி ஒரு வார்த்தை இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது.”

“இது உத்தரவா?” என்றார் தலைவர்.

“ஆமா.”

கம்பளிக் கிடங்கின் வரலாற்றில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் பிரம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அந்த இடைவெளியில் பூதக்கண்ணாடி நுழைந்தார்.

“நீ சும்மா இரும்மா. தலைவர் சொல்றதுதான் சரி. பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடணும். ஆறு மணிக்கு நானும் முன்வரிசையில உக்காந்துக்கறேன்.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒண்ணே ஒண்ணுங்கய்யா. இந்தப் பத்திரிகைக்காரங்க விவஸ்தை இல்லாதவங்க. எடுத்த எடுப்புல ஒண்ணு கேப்பாங்க. இந்தச் சுவரைக் கதவளவுக்குப் பெரிசாக்கி, நாலு மாசம் பாத்து, ‘அப்பழுக்கற்ற நேர்த்தி’ன்னு கையெழுத்துப் போட்டது யாருன்னு.”

தலைவர் பிரம்பை மேசைமேல் வைத்தார்.

குமாஸ்தா உதவ முன்வந்தார். “நாலாவது பிரிவுங்கய்யா. இருநூறு பிரதி அனுப்பியிருக்கோம்.”

“எனக்குத் தெரியும்,” என்றார் தலைவர். உட்கார்ந்தார். முதல் முறையாக அவர் குரல் மேடையிலிருந்து இறங்கியது. “வேற என்னம்மா காரணம் எழுதறது?”

“நான் என்னத்தைச் சொல்ல? நான் கண்ணு தெரியாதவ. எனக்கு அந்தப் படத்துல எதுவுமே சரியாத் தெரியல.”

தலைவர் பேனாவை எடுத்தார். மீசை முடிகளை எண்ணக்கூடிய படத்தின் நிழலில் குனிந்து, காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொற்கள் எழுதினார்.

‘படம் தெளிவில்லை.’

நான்கு ஐம்பத்தாறுக்கு அரக்கு உருகி விழுந்தது. முந்நூறாவது பெயரின் மேல் முத்திரை அழுந்தியதைச் சித்தாள் இமைக்காமல் பார்த்தாள். கதவளவுப் படத்தைக் கீழே இறக்கிச் சுருட்டும் வேலையைத் தந்தியே ஏற்றுக்கொண்டார்.

*

ஆனால் பெரிய மனிதர்கள் வெறுங்கையோடு ஒருவரை அனுப்புவதில்லை. தங்களுக்கு ஒரு படமாவது எடுத்துக்கொள்வார்கள்.

“கருணை,” என்றார் தலைவர், நடுக்கூடத்துக்கு வந்ததும் மறுபடி மேடையேறி. “குழு கண்டிப்பானது. ஆயினும் கருணையுள்ளது. ஓர் ஏழைப் பெண்ணின் கண்ணீருக்கு இரங்கியது. இந்தக் கோணத்தில் ஒரு படம்.”

குழுவின் படக்காரர் தயாராகக் காத்திருந்தார். சித்தாளைத் தலைவர் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். கை கூப்பச் சொன்னார்கள். கொஞ்சம் அழ முடியுமா என்று கேட்டார்கள்.

தந்திக்குக் காது சிவந்தது. வாயைத் திறக்கப் போனவரின் முழங்கையைப் பூதக்கண்ணாடி பிடித்து நிறுத்தினார். சித்தாளின் பார்வை எங்கே இருக்கிறது என்று அவர் கவனித்துவிட்டிருந்தார்.

“அய்யா,” என்றாள் சித்தாள். அவ்வளவு பணிவான குரலை அவளிடமிருந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. “நீங்களே கட்டின சுவராமே. அது பக்கத்துல நின்னு எடுத்தா நல்லாருக்கும்.”

தலைவரின் முகம் மலர்ந்தது. சிவப்புக் கயிற்றை அவரே அவிழ்த்தார். “எப்படி நிற்கட்டும்?”

“சுவர் மேல கை வெச்சுக்கங்க. அந்தக் கை இல்லீங்க, இடது கை. முகவாயைக் கொஞ்சம் தூக்கிக்கங்க. தூரமாப் பாருங்க.”

தலைவர் தூரமாகப் பார்த்தார். நாலு மாதம் தினமும் தன் முதுகுக்குப் பின்னால் தொங்கிய அதே கோலத்தில்தான் நிற்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முதுகுக்குப் பின்னால் இருப்பதை எதற்குப் பார்க்க வேண்டும்?

“அம்மா, நீங்க கிட்டப் போய் நில்லுங்க,” என்றார் படக்காரர்.

“இங்கயே நிக்கறேன்,” என்றாள் சித்தாள். இரண்டு எட்டு தள்ளி, வலது ஓரமாக நின்றாள். கை கூப்பவில்லை. அழவில்லை. பளிச்சென்று வெளிச்சம் அடித்த நொடியில், பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்தாள்.

*

மறுநாள் காலை முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்துக்குப் படம் வந்தது. கீழே ‘கருணை வென்றது’ என்ற வரி. கத்தரி ஓர் ஓரத்தைக்கூட வெட்டவில்லை. முப்பது வருடத்தில் அவர் முழுசாக விட்ட முதல் படம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

பூதக்கண்ணாடி தன் மேசையில் அதையும் முகாம் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் அதே கை, அதே முகவாய். வலது ஓரத்துச் சிரிப்பும் அச்சு அசலாக அதேதான். பிறகு முகாம் படத்தைச் சிறுசிறு துண்டுகளாகக் கிழித்தார்.

“மேடம், அந்தத் தொப்பிக்காரன் இதைப் பாத்துச் சந்தேகப்பட்டா?”

“எதைச் சந்தேகப்படுவான்? தன் சுவர் ஏன் விழுந்துச்சுன்னே அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கொத்தனார் அந்த விளையாட்டு விழாவுல நின்னிருக்க மாட்டார். மழைன்னு எழுதியிருப்பான். அவன் கோப்புலயும் காரணம்னு ஒரு கட்டம் இருக்குமில்ல.”

பத்து மணிக்கு இருவரும் நாளிதழோடு வேலைத்தளத்துக்குப் போனார்கள். சித்தாள் தலையில் எட்டுச் செங்கல். இறக்கி வைக்காமலே, கண்ணை மட்டும் தாழ்த்திப் படத்தைப் பார்த்தாள். தன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

“சந்து தெளிவாத் தெரியுதா அண்ணே?”

“கீழேருந்து மேல வரைக்கும்,” என்றார் தந்தி. “இன்னைக்கு ராத்திரி எல்லைச் சாவடி தாண்டும். நாளைக்குத் தொப்பிக்காரன் பலகையில ஒட்டிடுவான், உன் வீட்டுக்காரர் பாத்துடுவார். அவனே பசை தடவி, அவன் கையாலயே ஒட்டுவான் தங்கச்சி. பதினெட்டு வருஷம் சேதி கொண்டுபோயிருக்கேன், இப்படி ஒரு தந்தியை நான் குடுத்ததில்ல.”

மேலே சாரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏய், துரோகி பொண்டாட்டி. கல்லு எங்க?”

தந்தி திரும்பிச் சட்டைக் கையை மடித்தார். சித்தாள் தலையை அசைத்தாள், செங்கல் ஒன்றும் அசையவில்லை.

“விடுங்கண்ணே. ஒரு மாசம்தானே.”

ஏணியில் கால் வைத்தாள். பாதி ஏறியதும் மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“வருது மேஸ்திரி. சந்து பாத்து வைங்க.”